நிலம் தெரிந்த எழுத்து

நில அளவைத் துறையில் 34 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தருமபுரி, பென்னாகரம், பாலக்கோடு, அரூர் என்று மாறி மாறி வேலை பார்த்த காலத்தில் என் கையில் எப்போதும் இருந்தது நிலத்தின் எல்லைகளை வரைந்த புலப்படம். புத்தகம் இருந்த நாள்கள் குறைவு. ஓய்வுக்குப் பிறகே மாவட்ட மைய நூலகத்தில் உறுப்பினராகி முறையாகப் படிக்கத் தொடங்கினேன். கடந்த ஓராண்டில் படித்தவற்றில் சங்கப் பாடல்கள் உண்டு, தன்வரலாறு உண்டு, நாவல்களும் மொழிபெயர்ப்புகளும் உண்டு. அவற்றைப் பற்றி எழுதிவைக்கும்படி என் மகள் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள். இலக்கியத்தைப் பாடமாகப் பயின்றவர்களிடம் உள்ள அளவுகோல்கள் என்னிடம் இல்லை. என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று. எழுதியவருக்கு அவர் எழுதும் நிலம் தெரிந்திருக்கிறதா? அங்கே மேடு எது, பள்ளம் எது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்கும், யார் உழுகிறார், யார் பெயரில் பட்டா இருக்கிறது, அந்த இரண்டு பெயர்களும் ஏன் வேறுவேறாக இருக்கின்றன என்பதெல்லாம் தெரிந்து எழுதியிருக்கிறாரா? தெரிந்திருந்தால் அந்த நூலை நம்புகிறேன். பிற குறைகளை அதன் பிறகே பார்க்கிறேன்.

புறநானூற்றிலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் அது எங்கள் ஊர்ப் புத்தகம். தருமபுரியின் பழம்பெயரான தகடூரை இங்கே கடைப் பலகைகளிலும் அரங்குகளிலும் நாள்தோறும் பார்க்கிறோம். அதியமான் நெடுமான் அஞ்சியும் ஔவையாரும் பள்ளிப் பாடத்தின் வழியாக, நெல்லிக்கனியோடு மட்டும் நம் நினைவில் நின்றுவிட்டார்கள். நானும் அப்படித்தான் அறுபது வயது வரை இருந்தேன். நூலை முதலிலிருந்து பாடல் பாடலாகப் படித்துக்கொண்டு வந்தபோது 187-ஆவது பாடலில் நின்றுவிட்டேன். நான்கே அடி உள்ள பாடல். "நாடா கொன்றோ, காடா கொன்றோ, அவலா கொன்றோ, மிசையா கொன்றோ, எவ்வழி நல்லவர் ஆடவர், அவ்வழி நல்லை, வாழிய நிலனே" என்று ஔவையார் நிலத்தையே முன்னிலையில் நிறுத்திப் பேசுகிறார். நாடாக இருந்தால் என்ன, காடாக இருந்தால் என்ன, பள்ளமாகவோ மேடாகவோ இருந்தால்தான் என்ன, மனிதர் நல்லவராக இருக்கும் இடத்தில் நீயும் நல்லதாக இருக்கிறாய் என்கிறார்.

இந்தப் பாடலை அறநெறிப் பாடலாக எல்லோரும் விளக்குகிறார்கள், அது சரிதான். ஆனால் எங்கள் துறைக்காரன் இதைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது அந்த நான்கு வகைப்பாடுதான். கிராமத்தின் 'அ' பதிவேட்டில் ஒவ்வொரு புல எண்ணுக்கும் நேராக நஞ்சையா புஞ்சையா, பாசன ஆதாரம் எது, மண் வயனமும் ரகமும் என்ன, மண் தரம் எத்தனை, தீர்வை எவ்வளவு என்று நிரப்பியிருப்பார்கள். திப்பு சுல்தானுடன் 1792-இல் ஏற்பட்ட ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைக்குப் பிறகு பாரமகால் என்ற இந்தப் பகுதி கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தபோது, அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே தாமஸ் மன்றோவும் இங்கேதான் நிலத்தை அளந்து ஒவ்வொரு குடியானவரிடமும் நேராக வரி வாங்கும் முறைக்கு அடித்தளம் இட்டார்கள். பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் நிலைபெற்ற ரயத்துவாரி முறையின் தொடக்கம் எங்கள் கொல்லைமேடுகளில் நடந்தது. அந்தப் பதிவேடுகளின் வழிவந்த பதிவேடுகளில்தான் நானும் எழுதினேன். மேடா பள்ளமா, காடா நாடா என்று வகைபிரித்துத் தரம் எழுதுவதோடு எங்கள் வேலை முடிந்துவிடும். ஔவையார் அதே வகைகளை வரிசையாகச் சொல்லிவிட்டு, நிலத்தின் தரத்தை அங்கே வாழ்பவரைக் கொண்டு எழுதுகிறார். தம் வாழ்நாளில் வறண்ட மேட்டையும் ஈரப் பள்ளத்தையும் காலால் நடந்து பார்த்த ஒருவரால்தான் இந்த நான்கு சொற்களை இவ்வளவு சுருக்கமாக அடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அடுத்து 232-ஆவது பாடல். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஒரு பழைய நிகழ்ச்சி.

எண்பதுகளின் இறுதியில், பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூரில் பங்காளிகள் இருவருக்கிடையே உட்பிரிவு அளக்கப் போயிருந்தேன். புலப்படத்தில் இருந்த மூலைக்கல் தரையில் கிடைக்கவில்லை. ஆவாரஞ்செடிப் புதருக்குள் ஒரு பலகைக் கல் சாய்ந்து நிற்பதைக் காட்டி, அதுதான் எல்லைக்கல் என்று பங்காளிகளில் மூத்தவர் அடித்துச் சொன்னார். அளவுச் சங்கிலி பிடிக்கும் செயின்மேன் புதரை வெட்டி ஒதுக்கினார். கல்லில் வில்லோடு ஒருவன் நின்றிருந்தான். அவன் காலடியில் மாடுகள். மேலே தேய்ந்துபோன எழுத்து வரிகள். அதில் சங்கிலியின் கைப்பிடியை வைத்துப் பிடிக்கப் போன நேரத்தில், கொல்லையின் மறுகோடியிலிருந்து ஒரு பாட்டி கையில் சொம்போடு வேகமாக நடந்து வந்தார். "சார், அது எங்க வேடியப்பன். அது மேல சங்கிலிய வெக்காதீங்க. தள்ளி நின்னு அளந்துக்கங்க" என்றார். சொன்னதோடு நிற்காமல் சொம்பில் இருந்த கூழைக் கல்லின் தலையிலிருந்து கீழே வழியும்படி ஊற்றினார். கூழ் வில்லின் மேலும் மாடுகளின் மேலும் இறங்கி மண்ணில் ஊறியது. உண்மையான சர்வே கல் அங்கிருந்து ஏழெட்டு அடி தள்ளி மண்ணுக்குள் புதைந்திருந்ததைப் பிற்பகலில் தோண்டி எடுத்தோம். மூலை கிடைத்த மகிழ்ச்சியில் பாட்டியை அன்றே மறந்துவிட்டேன்.

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இப்படிப்பட்ட நடுகற்கள் ஏராளம். ஆநிரை கவர்தலிலோ மீட்டலிலோ இறந்த வீரனுக்கு எடுத்த கல் அது. எந்த மன்னனின் எந்த ஆட்சியாண்டில், எந்தத் தொறுவை மீட்கையில் இவன் பட்டான் என்று வட்டெழுத்தில் எழுதியிருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை. ஊர் மக்களுக்கு எழுத்து மறந்துபோய், வீரன் வேடியப்பனாகிவிட்டான். இப்போது அந்தப் பாடலைப் பாருங்கள். அதியமான் இறந்துவிட்டான்; அவனுக்குக் கல் நட்டு, மயிற்பீலி சூட்டி, சிறு கலத்தில் வடித்த கள்ளை ஊற்றுகிறார்கள். ஔவையார் அருகில் நின்று பார்க்கிறார். "நடுகல் பீலி சூட்டி, நார்அரி சிறுகலத்து உகுப்பவும் கொள்வன் கொல்லோ" என்று கேட்கிறார். உயர்ந்த சிகரங்களை உடைய மலைநாட்டையே சேர்த்துக் கொடுத்தபோதும் வாங்கிக்கொள்ளாதவன், இந்தச் சின்னக் கலத்துக் கள்ளையா வாங்கிக்கொள்ளப் போகிறான் என்பது கேள்வி. காலையும் மாலையும் இல்லாமல் போகட்டும், நான் வாழும் நாளும் இல்லாமல் போகட்டும் என்பது பாடலின் தொடக்கம். இழவு வீட்டில் அழுகின்ற ஒருவரின் குரல் இது. இரண்டாயிரம் ஆண்டு பழமையான இந்த வரியில் வரும் சிறுகலத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன், சொம்பின் உருவத்தில். அதைப் பார்த்தபோது எனக்குப் பாடல் தெரியாது. பாடல் தெரிந்தபோது பாட்டியின் பெயர்கூட என்னிடம் இல்லை.

இடையில் ஒன்று சொல்லிவிட வேண்டும். 99-ஆவது பாடலில் அதியமானின் முன்னோர் கரும்பை இந்நாட்டுக்குக் கொண்டுவந்ததாக ஔவையார் பாடுகிறார். பாலக்கோட்டில் கூட்டுறவுச் சர்க்கரை ஆலை இருக்கிறது. ஆலைக்குக் கரும்பு வெட்டி அனுப்பும் எத்தனை குடும்பங்களுக்கு இந்த அடி தெரியும்? எங்கள் மாவட்டத்துப் பள்ளிகளில் நெல்லிக்கனியோடு இதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுக்கலாம்.

புறநானூறு நமக்குக் கிடைத்த கதையை அறிய உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' படித்தேன். 1940 முதல் ஆனந்த விகடனில் தொடராக வந்து, 1942-இல் அவர் மறைந்ததால் முற்றுப்பெறாமல் நின்று, 1950-இல் நூலான தன்வரலாறு இது. தடிமனைக் கண்டு பல ஆண்டுகள் தள்ளிவைத்திருந்தேன்; அது தவறு. முதல் அத்தியாயமே 'எங்கள் ஊர்' என்று தொடங்குகிறது. ஏகாதசியன்று மறந்து தாம்பூலம் போட்டுக்கொண்ட தஞ்சை அரசர் ஒருவர், அதற்குப் பரிகாரமாக வீடுகளும் கிணறுகளும் நிலமும் அமைத்துத் தானம் கொடுத்ததால் உண்டான ஊர் உத்தமதானபுரம் என்று சொல்லி, எத்தனை வீடு, எத்தனை கிணறு என்பது வரை கணக்கோடு எழுதுகிறார். ஒரு மனிதர் தம் வாழ்க்கையைச் சொல்ல உட்கார்ந்ததும் தம் பிறப்பைச் சொல்லும் முன் ஊரின் நில உரிமை எப்படி வந்தது என்பதைச் சொல்கிறார். இந்த ஒழுங்கு எனக்குப் பிடித்தது. ஏட்டுச் சுவடிகளைத் தேடிப் போன பயணங்களிலும் அதே கவனம் இருக்கிறது: எந்த ஊர், யார் வீடு, எந்த அறை, சுவடி எந்த நிலையில் கிடைத்தது.

இந்த நூலில் எனக்கு மிக முக்கியமான இடம், 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக வந்து சேர்ந்த சேலம் இராமசாமி முதலியாரை அவர் சந்திக்கும் அத்தியாயம். சாமிநாதையர் தாம் படித்த அந்தாதிகளையும் கலம்பகங்களையும் தலபுராணங்களையும் அடுக்கிக்கொண்டே போக, முதலியார் எதற்கும் அசையாமல், இவற்றுக்கெல்லாம் மூலமான பழைய நூல்களைப் படித்தீர்களா என்று கேட்கிறார். அந்தக் கேள்வியிலிருந்துதான் 1887-இல் சீவக சிந்தாமணிப் பதிப்பும், 1894-இல் புறநானூற்றுப் பதிப்பும் பிறக்கின்றன. அந்நாளில் தருமபுரி சேலம் மாவட்டத்தில் அடங்கியிருந்தது. 1965-இல்தான் நாங்கள் தனி மாவட்டமானோம். நாள் முழுவதும் வழக்குக் கட்டுகளோடு உட்கார்ந்திருந்த ஓர் அரசு அலுவலர் தமிழுக்குச் செய்த உதவி அது என்பதை எங்களைப் போன்ற அரசு ஊழியர்கள் பெருமையோடு நினைத்துக்கொள்ளலாம். நூலில் எனக்கு ஒரு குறை உண்டு. அவ்வளவு பயணத்துக்கும் அச்சுப் பணிக்கும் இடையில் வீட்டைத் தாங்கிய பெண்கள் சில வரிகளில் வந்து மறைந்துவிடுகிறார்கள். நடந்த தூரத்தையெல்லாம் குறித்தவர், அந்த வீட்டுக்குள் அடுப்பிலிருந்து திண்ணை வரை நடந்தவர்களையும் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' 1976-இல் வெளிவந்தது. இதை நானும் என் மனைவியும் சேர்ந்து படித்தோம்; அவர் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் வேப்பனப்பள்ளிப் பக்கத்தில் பிறந்தவர், தாய்வீட்டில் பேசுவது தெலுங்கு. தெலுங்கு நாட்டிலிருந்து உயிருக்கும் மானத்துக்கும் அஞ்சித் தெற்கே ஓடிவந்த குடும்பங்கள் கரிசல் மண்ணில் காட்டைத் திருத்தி ஊர் அமைக்கும் கதை அது. நூறு வயதைக் கடந்த மங்கத்தாயாரு அம்மாளின் நினைவிலிருந்து கதை விரிகிறது. ஆற்றங்கரையில் நின்ற மரம் வளைந்துகொடுத்து அவர்களை அக்கரை சேர்க்கும் இடம் வந்தபோது என் மனைவி புத்தகத்தை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, "இத எங்க பெரியவ்வாவும் சொல்லுவாங்க" என்றார். அவர் கேட்ட கதையில் ஆறு வேறு, மரம் வேறு. ஆனால் மரம் வளைந்தது. பின்னால் துரத்தி வந்தவர்கள் முந்தைய கரையிலேயே நின்றுபோனார்கள். கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல்காரர் எழுதியதை வேப்பனப்பள்ளிக்காரர் தம் வீட்டுக் கதையாகக் கேட்கிறார் என்றால், அந்த எழுத்தாளர் எவ்வளவு கவனமாகப் பாட்டிகளின் வாயைக் கேட்டிருக்க வேண்டும்!

எனக்கு அந்த நாவலில் பிடித்தது காட்டை எரித்து விளைநிலமாக்கும் பகுதி. நிலம் என்பது அங்கே கிடக்கின்ற பொருளாக இல்லாமல், மனித உழைப்பால் நாள்கணக்கில் உண்டாக்கப்படுவதாக வருகிறது. புலப்படத்தில் ஒரு கோடாக நான் வரைந்த ஒவ்வொரு வரப்புக்கும் பின்னால் இப்படி ஒரு பருவம் இருந்திருக்கும். வழிப்போக்கியான கர்ப்பிணிப் பெண்ணை நகைக்காகக் கொன்றவனுக்கு ஊரே கூடித் தண்டனை சொல்லும் பகுதி, அரசுக் கச்சேரியும் காவல் நிலையமும் வருவதற்கு முன்பு ஊர் எப்படித் தன்னைத் தானே நடத்திக்கொண்டது என்பதைக் காட்டுகிறது. கழுவேற்றுவதைப் படிக்கையில் உடல் நடுங்கத்தான் செய்கிறது. இதன் தொடர்ச்சியான 'கோபல்லபுரத்து மக்கள்' நாவலுக்கு 1991-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. அதன் முற்பகுதி முதல் நாவலுக்கு நிகரானது. பிற்பகுதி விடுதலைப் போராட்டச் செய்திகளால் நிறைந்துவிடுகிறது. செய்தி வந்ததும் மண் பின்னால் போய்விடுகிறது. விருது முதல் நாவலுக்கே வந்திருக்க வேண்டும் என்பது என் முடிவு.

ச. பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-இல் வந்த நாவல். இதைப் பற்றி எழுதக் கை தயங்குகிறது. சத்தியமங்கலம் மலைப்பகுதியில் தொட்டி என்னும் குடியிருப்பில் வாழும் சோளகர்களின் வாழ்வையும், சந்தனக் கடத்தல்காரனைத் தேடுகிறோம் என்ற பெயரில் அவர்கள் மீது நடத்தப்பட்ட சித்திரவதைகளையும் சொல்வது. வழக்கறிஞராகவும் மனித உரிமைப் பணியாளராகவும் பாதிக்கப்பட்டவர்களோடு இருந்தவர் எழுதியது என்பது ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. பேசுகிறவர்கள் பெரும்பாலும் பிற்பாதியின் கொடுமைகளைப் பற்றியே பேசுகிறார்கள். முற்பாதியை நான் மூன்று முறை படித்தேன். கேழ்வரகு விளையும் காட்டை, தலைமுறைகளாக உழுதுவந்த மக்கள், காகிதத்தின் பலத்தோடு வந்த வெளியாரிடம் இழக்கிறார்கள். நிலம் அவர்களுடையது என்பது மரத்துக்குத் தெரியும், பறவைக்குத் தெரியும், தெய்வத்துக்குத் தெரியும், பதிவேட்டுக்குத் தெரியாது. அப்படிப்பட்ட பதிவேட்டை நிரப்பியவர்களில் ஒருவனாக இருந்து இதைப் படிப்பது எளிதாக இல்லை. மலையோரக் கிராமங்களில் அளக்கப் போன நாள்களில், "பாட்டன் காலத்துலேருந்து நாங்கதான் சார் ஓட்டறோம்" என்று சொன்ன எத்தனையோ பேருக்கு, "பதிவுல இல்லீங்களே" என்று நானும் பதில் சொல்லியிருக்கிறேன். சட்டப்படி அது சரியான பதில். அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் எங்கே போனார், என்ன ஆனார் என்பதை நான் ஒருமுறையும் பார்க்கவில்லை. இந்த நாவல் அவர் பின்னாலேயே போகிறது.

பிற்பாதியின் உரைநடை வாக்குமூலம்போல வறண்டுவிடுகிறது என்று ஒரு நண்பர் குறை சொன்னார். அதை நான் குறையாகக் கொள்ளவில்லை. எங்கள் மாவட்டத்து அரூர் வட்டத்தில், சித்தேரி மலையடிவாரத்தில் இருக்கிறது வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று சந்தன மரத்தைத் தேடுவதாகச் சொல்லி அந்த ஊருக்குள் நுழைந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் பெண்கள் உள்ளிட்ட ஊர் மக்களுக்குச் செய்த கொடுமைகளுக்கு, 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றத்தில் தீர்ப்பு வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். அவர்களில் உயிரோடு இருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று அறிவிக்கப்பட்டார்கள். 2023-இல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. 19 ஆண்டுகள் அந்தப் பெண்கள் மீண்டும் மீண்டும் வந்து சொன்னது வாக்குமூலம்தான். அலங்காரம் கலவாத அந்த மொழிக்கு என்ன வலிமை உண்டு என்பதை இந்த மாவட்டத்துக்காரன் அறிவான். வருவாய்த்துறை என்ற சொல்லும் அந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை.

'எரியும் பனிக்காடு' பற்றி என் கருத்து கலவையானது. தேயிலைத் தோட்டத்தில் மருத்துவராகப் பணியாற்றிய பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969-இல் வெளியிட்ட நாவலை இரா. முருகவேள் தமிழாக்கியிருக்கிறார். மொழிபெயர்ப்பு என்ற நினைவே வராத தமிழ். நெல்லைச் சீமையிலிருந்து கருப்பனும் வள்ளியும் மேஸ்திரியின் முன்பணத்தை நம்பி வால்பாறைக்குப் போகிறார்கள். அந்த முன்பணம் எப்படிக் கடனாகிறது, கடன் எப்படிக் கயிறாகிறது என்பதை ஆசிரியர் கணக்குப் புத்தகத்தைத் திறந்துவைத்ததுபோலக் காட்டுகிறார். எங்கள் பக்கத்திலிருந்தும் முன்பணம் வாங்கிக்கொண்டு செங்கல் சூளைக்கும் கட்டட வேலைக்கும் குடும்பத்தோடு போகிறவர்களை அறிவேன். ஆதலால் அந்தப் பகுதிகள் பழைய கதையாகத் தோன்றவில்லை. ஆனால் கருப்பனும் வள்ளியும் துன்பப்படுவதற்கென்றே படைக்கப்பட்டதுபோல இருக்கிறார்கள். நல்ல மருத்துவர் வந்த பிறகு கதையின் கண் அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. வள்ளி தன் ஊரில் எந்தக் காட்டில் களை எடுத்தாள், எந்தப் பாட்டைப் பாடினாள் என்பது தெரிந்திருந்தால் அவள் இழந்தது எவ்வளவு என்பது இன்னும் கூர்மையாகத் தெரிந்திருக்கும்.

தியடோர் பாஸ்கரனின் சுற்றுச்சூழல் கட்டுரைகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பறவைக்கும் விலங்குக்கும் நம் மக்கள் வைத்த பெயரைத் தேடிப் பயன்படுத்த வேண்டும் என்று அவர் திரும்பத் திரும்ப வற்புறுத்துவது எனக்கு முழு உடன்பாடு. கிராமத்தில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு பெயர் உண்டு. புலியன்கொல்லை, ஓடைமேடு என்று ஊரார் சொல்வதை நாங்கள் எண்ணாக மாற்றிவிட்டோம். பெயர் போனால் அந்த இடத்தைப் பற்றிய அறிவும் போய்விடும்.

புத்தகத் திருவிழாவில் வாங்கிய ஒரு சரித்திர நாவலைப் பாதியில் மூடிவைத்தேன். பெயரைச் சொல்ல விருப்பமில்லை. அரண்மனையும் சுரங்கப்பாதையும் ஒற்றர்களும் நிறைந்த நூல். மன்னன் எதைத் தின்றான், அவன் குதிரைக்குக் கொள்ளு எந்த ஊரிலிருந்து வந்தது, விளைச்சலில் எத்தனை பங்கு வாங்கினான் என்பதற்கு ஒரு வரிகூட இல்லை. இளைஞர்கள் இதன் வழியாகவாவது வரலாற்றுக்கு வருவார்கள் என்று நூலகத்தில் ஒருவர் சொன்னார். வரட்டும், வந்தவர்களுக்கு ஒரு நடுகல்லை யாராவது காட்டினால் நல்லது. தருமபுரி அகழ்வைப்பகத்திலேயே பல கற்கள் நிற்கின்றன.

இந்த ஆண்டு என்னை அதிகமாக ஆட்கொண்ட நாவல் 'ஆரோக்கிய நிகேதனம்'. தாராசங்கர் பந்யோபாத்யாய வங்கத்தில் எழுதியது; த.நா. குமாரஸ்வாமி தமிழில் தந்திருக்கிறார். மூலத்துக்கு 1956-இல் சாகித்திய அகாதமி விருது கிடைத்தது. ஜீவன் மஷாய் என்ற கிராமத்து வைத்தியர் நாடியில் விரல் வைத்து, நோயாளி பிழைப்பாரா, பிழைக்கமாட்டார் எனில் எத்தனை நாள் இருப்பார் என்று சொல்லிவிடுவார். தம் மகனின் முடிவையும் அப்படித்தான் முன்கூட்டி அறிகிறார். புதிதாக வந்த ஆங்கில மருத்துவர் பிரத்யோத், சாவின் நாளைச் சொல்லி நோயாளியின் மனத்தை உடைப்பது கொடுமை என்று அவரோடு மோதுகிறார். இதில் ஒருவரை மூடநம்பிக்கைக்காரராகவும் மற்றவரை அகந்தைக்காரராகவும் ஆக்கிவிடுவது எளிது. தாராசங்கர் அந்த எளிய வழியில் போகவில்லை. இளைஞரின் மருந்து பிழைக்க வைக்கும் இடங்களை மறைக்காமல் காட்டுகிறார். முதியவரின் விரல் அறிந்த உண்மையையும் கைவிடவில்லை.

என் பணியின் கடைசி ஆண்டுகளில், நான் படிக்கக் கற்றுக்கொண்ட நிலத்தை இளைஞர்கள் வேறு கருவியால் படிக்கத் தொடங்கினார்கள். சங்கிலியும் குறுக்குக்கோலும் போய், தூரத்தையும் கோணத்தையும் ஒன்றாக அளக்கும் டோட்டல் ஸ்டேஷன் என்ற கருவி வந்தது. இப்போது செயற்கைக்கோளோடு பேசும் ரோவர் வந்துவிட்டது. கம்பத்தை நட்டுச் சில நொடிகள் நின்றால் புள்ளி கிடைத்துவிடுகிறது. நாங்கள் நான்கு பேர் வெயிலில் அரை நாள் இழுத்த வேலை அது. என்னைவிட முப்பது வயது இளையவரான ஒரு சர்வேயர் ஒருமுறை என்னை ஒரு பழைய எல்லைத் தகராறுக்கு அழைத்துப் போனார். கருவி ஓர் இடத்தைக் காட்டியது. வரப்பின் வளைவையும், வேலியோரக் கிளுவையின் வயதையும், தண்ணீர் அறுத்த தடத்தையும் பார்த்து நான் வேறு இடத்தைக் காட்டினேன். தோண்டியபோது கல் கருவி காட்டிய இடத்துக்கு அருகில் இருந்தது. அந்த இளைஞர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "சார், மண்ணு சரிஞ்சதுல வரப்பு நகந்திருக்கும். நீங்க பாத்தது அந்த நகந்த வரப்ப" என்று மெதுவாகச் சொன்னார். அவர் சொன்னதும் சரி. ஜீவன் மஷாயைப் படித்தபோது இந்த இளைஞரின் குரல் காதில் கேட்டது. கடைசிப் பக்கங்களில் அந்த முதியவர் தம் நாடியையே பார்த்துக்கொண்டு, மரணம் எந்த உருவில், எந்த ஒலியோடு வருகிறது என்று விழிப்போடு காத்திருப்பார். ஒரு தொழிலை வாழ்நாள் முழுவதும் செய்தவர், அந்தத் தொழிலாலேயே தம் முடிவையும் அளந்து பார்க்கிறார். வங்கத்தின் ஒரு சிற்றூரில் நடக்கும் இந்தக் கதையில் நிலம் என்பது மனித உடல். அதன் மேடு பள்ளமெல்லாம் எழுதியவருக்குத் தெரிந்திருக்கிறது.

இப்போது என் மேசையில் பதிற்றுப்பத்து இருக்கிறது. தகடூரை வென்ற பெருஞ்சேரல் இரும்பொறையை அரிசில்கிழார் பாடிய எட்டாம் பத்தை மெல்லப் படித்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் ஊர் வீழ்ந்ததை வென்றவர் பக்கத்திலிருந்து படிக்கும்போது மனம் ஒட்டாமலே இருந்தது. பிறகு, அதே அரிசில்கிழார் தகடூர்ப் போரில் மாண்ட அதியமான் எழினிக்காகப் புறநானூற்றில் 230-ஆவது பாடலாக இரங்கல் பாடியிருப்பதை எடுத்துப் பார்த்தேன். எழினி காத்த நாட்டில் கன்றோடு கூடிய பசுக்கள் இரவில் காட்டிலேயே தங்கும். வழிப்போக்கர் விரும்பிய இடத்தில் படுத்துக்கொள்வார்கள். களத்தில் நெற்குவியல் காவலின்றிக் கிடக்கும். அப்படிப்பட்டவனை உண்ட கூற்றுவனைப் பார்த்து, "வீழ்குடி உழவன் வித்துஉண் டாஅங்கு" என்கிறார் புலவர். நொடித்துப்போன குடும்பத்து உழவன் விதைத் தானியத்தையே தின்றுவிட்டதுபோலச் செய்துவிட்டாய் என்று பொருள்.

போன வாரம் தம்பியின் கொல்லைக்குப் போயிருந்தபோது இந்த அடியை அவனுக்குச் சொன்னேன். அவன் கேழ்வரகுப் பயிரில் களை பார்த்துக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து, "பஞ்சம் வந்த வருசம் அம்மா வெதப்பானைய மோட்டுல கட்டித் தொங்க வுட்டிருந்திச்சே, நெனப்பு இருக்குதாண்ணா?" என்று கேட்டான். இருந்தது. 1983 அது. வீட்டில் கொள்ளும் ரேஷன் அரிசியும் மட்டும் இருந்த மாதங்கள். சாம்பல் கலந்த விதைக் கேழ்வரகு நிறைந்த பானையின் வாயைச் சாணத்தால் பூசி, நாங்கள் படுக்கும் இடத்துக்கு நேர் மேலே அம்மா கட்டியிருந்தார். இரவில் விளக்கை அணைக்கும் முன் எல்லோருடைய கண்ணும் அதில் ஒருமுறை படும். யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. ஆடியில் மழை விழுந்த மறுநாள் காலையில்தான் அம்மா அந்தச் சாணப் பூச்சை உடைத்தார்.